அரசுக் கணக்கில் தரிசு: எங்கள் மலைத்தோட்ட வீட்டின் வரலாற்றைத் தேடிய அனுபவம்

அப்பா காலமான பிறகு பட்டாவை எனக்கும் தம்பிக்கும் மாற்றித் தரும்படி விண்ணப்பித்தோம். அப்போதுதான், நான்கு தலைமுறையாக நாங்கள் புழங்கிய வீடு நிற்கிற இடம் அரசுப் பதிவேட்டில் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’, அதாவது வரி நிர்ணயித்தும் யார் பட்டாவிலும் இல்லாத அரசு நிலம், என்று இருப்பது தெரிந்தது. சுற்றியிருக்கும் காப்பித் தோட்டம் எங்கள் பட்டாவில் இருக்கிறது. நடுவில் வீடும் காப்பிக் களமும் உள்ள அறுபது சென்ட் மட்டும் இல்லை. இதைச் சரிசெய்ய ஏறக்குறைய மூன்று வருடம் பிடித்தது, ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் செலவானது. தம்பி வெளிநாட்டில் இருப்பதால் அலைச்சல் முழுவதும் என் தலையில்தான். மதுரையில் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறை விட்டால் வத்தலக்குண்டு பஸ் ஏறுவதே வாழ்க்கையாகிப் போனது. பல இரவுகள் தூங்காமல் அழுதிருக்கிறேன். கடைசியில் எங்களைக் காப்பாற்றியது, அந்த வீடு எப்போது, யாரால், எப்படிக் கட்டப்பட்டது என்பதை ஆதாரத்தோடு சொல்ல முடிந்ததுதான். மலையில் பூர்வீக வீடு வைத்திருக்கும் மற்றவர்களாவது நான் பட்ட பாட்டில் பாதியோடு தப்பிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

வீடு இருப்பது கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் இடைப்பட்ட ஒரு சரிவில். செம்மண் சாந்தில் கல் அடுக்கிக் கட்டிய தடித்த சுவர், மேலே ஓட்டுக்கூரை, முன்னால் காப்பி உலர்த்தும் களம், பின்னால் தனியாக ஒரு அடுப்படி. சில்வர் ஓக் நிழலில் காப்பி, அதன்மேல் படர்ந்த மிளகு, இடையிடையே ஆரஞ்சு, மலைவாழை. அப்பத்தா காலத்தில் வாழைதான் பெரிய வருமானம். முடிக்கொத்து நோய் வந்து கீழ்ப்பழனி மலை முழுவதும் மலைவாழையை அழித்தபோது எங்கள் தோட்டமும் தப்பவில்லை. அதன்பிறகு காப்பியை நம்பித்தான் குடும்பம் ஓடியது. இந்த வீடு 1865-இல் கட்டியது என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். கூரை ஓட்டில் அந்த வருடம் எழுதியிருக்கிறதே என்பது அவருடைய ஆதாரம். அந்த வருடத்தை நானும் மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்தவள்.

கிராம நிர்வாக அலுவலர் நல்லவர், இளைஞர். ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம், யாருடையது என்று எழுதிய கிராமப் பதிவேடான ‘அ’ பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, “மேடம், எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதியது இப்படித்தான் இருக்கிறது” என்றார். பிழை எங்கே நுழைந்தது என்று புரிந்துகொள்ளவே எனக்குப் பல மாதங்கள் ஆயின. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யூ.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பழைய புல எண்களை உட்பிரிவு செய்து, நிலத்தைத் தங்கள் அனுபவத்தில் வைத்திருப்பவர்கள் பெயரில் புதிதாகப் பதிவேடு எழுதினார்கள். இன்றைக்குக் கணினியில் பார்க்கும் பட்டா அதன் வாரிசுதான். அதே சமயத்தில், 1980-இல், பரம்பரையாக இருந்த கர்ணம் (கிராமக் கணக்கர்), முன்சீப் (கிராமத் தலைவர்) பதவிகளை அரசு ஒழித்தது. அந்த முடிவு சரியானதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்தக் காடு யாருடையது, எந்த ஓடை எந்த வருடம் திசை மாறியது என்று தெரிந்த மனிதர்கள் வீட்டுக்குப் போன நேரமும் புதுப் பதிவேடு எழுதிய நேரமும் ஒன்றாகிவிட்டன. மலைக்கு ஏறி வந்து அளந்தவர்கள் காப்பிச் செடி இருந்ததைத் தோட்டம் என்று எழுதியிருக்கிறார்கள். செடி இல்லாத களமும் வீடும் தரிசாகிவிட்டன என்பது என் ஊகம். எனவே நான் சொல்லும் முதல் யோசனை இது: சிட்டாவில் உங்கள் பெயர் இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். புல வரைபடத்தை எடுத்து, வீடு எந்த உட்பிரிவில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். நான் ஒரு தனியார் சர்வேயரை வைத்து அளந்தேன். பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கினார். மொத்தச் செலவில் வீணாகாத பணம் அது.

வீணான பணத்தையும் சொல்லிவிடுகிறேன். தாலுகா அலுவலகத்துக்கு வெளியே ஒருவர் பழக்கமானார். ஒரே மாதத்தில் பட்டா வாங்கித் தருவதாகச் சொல்லி முப்பத்தைந்தாயிரம் ரூபாய் வாங்கினார். சில வாரங்களில் அவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். பணம் போனதைவிட, அவர் செய்து கொடுத்ததாகச் சொன்ன மனு எந்த அலுவலகத்திலும் பதிவாகவில்லை என்று தெரிந்த நாள்தான் என்னை உடைத்தது. ஆறு மாதம் வெறுமனே காத்திருந்திருக்கிறேன். யாரிடம் மனு கொடுத்தாலும் தேதியும் எண்ணும் போட்ட ஒப்புகைச் சீட்டு கையில் வரவேண்டும். அது இல்லாத மனு கொடுக்காத மனுதான். இன்னொன்று, தாசில்தார் அலுவலகத்தில் எழுத்துப் பிழை போன்றவற்றைத் திருத்துவார்கள். தரிசு என்று இருப்பதைப் பட்டா நிலமாக மாற்றுவது போன்ற யூ.டி.ஆர். திருத்தத்துக்கு மாவட்ட வருவாய் அலுவலரிடம் போகவேண்டும். இந்த ஒரு வரியை எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

வழக்குரைஞர் வில்லங்கச் சான்று கேட்டார். இணையத்தில் எடுத்துக் கொடுத்தேன். 1975-க்குப் பிந்தைய பதிவுகள் அதில் வந்தன, வில்லங்கம் எதுவும் இல்லை. சந்தோஷப்பட்டேன். அவர் அதோடு விடாமல், சார்பதிவகத்தின் பழைய புத்தகங்களையும் தேடச் சொல்லி மனு போடச் சொன்னார். இங்கேதான் ஊரின் பெயர்கள் குழப்பும். 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டமாவதற்கு முன்பு இந்த மலை மதுரை மாவட்டத்தில் இருந்தது. பிறகு சில காலம் மாவட்டத்தின் பெயரோடு அண்ணா என்றும் காயிதே மில்லத் என்றும் சேர்ந்திருந்தது. சார்பதிவகங்களின் எல்லையும் இடையில் மாறியிருக்கும். ஒரே தோட்டத்தின் காகிதங்கள் மூன்று மாவட்டப் பெயர்களில், இரண்டு புல எண்களில் கிடக்கும். தேடப் போகும் முன், பழைய புல எண்ணுக்கு எந்தப் புது எண் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போட்டுத்தான் நான் அந்த விவரத்தை வாங்கினேன். பதிவேடு இல்லை என்று பதில் வந்தாலும் அது எழுத்தில் வரட்டும். பின்னால் விசாரணையில் அந்தக் காகிதமும் உதவும்.

அப்படிப் பழைய புத்தகத்தில் தேடியபோது கிடைத்தது 1971-ஆம் வருடத்து அடமானப் பத்திரம். தாத்தா தோட்டத்தைக் கூட்டுறவு வங்கி ஒன்றில் அடமானம் வைத்திருக்கிறார், கடன் தீர்ந்ததற்கான ரசீது பதிவாகவே இல்லை. எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீடு போய்விட்டது என்றே நினைத்தேன். சான்றிட்ட நகல் கைக்கு வந்ததும் வழக்குரைஞர் சொத்து விவரத்தை இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்து, “அம்மா, இதைவிட நல்ல காகிதம் உங்களுக்குக் கிடைக்காது” என்றார். எங்கள் கிரயப் பத்திரங்களில் எல்லாம் வீட்டைப் பற்றி இருந்தது ‘மாவடை மரவடை, வீடு வகையறா சகிதம்’ என்ற ஒற்றை வரிதான். எழுதியவர்களுக்கு நிலம்தான் முக்கியமாக இருந்திருக்கிறது. கடன் கொடுத்த வங்கியோ ஆள் அனுப்பிப் பார்த்து எழுதியிருக்கிறது: கருங்கல் சுவர், ஓட்டுக்கூரை, நீளம் இத்தனை அடி, அகலம் இத்தனை அடி, கிழக்கே காப்பிக் களம், மேற்கே தனி அடுப்படி, பழைய புல எண் இன்னது. சொந்தக்காரர் வீட்டைப் பற்றி எழுதாததைக் கடன்காரர் எழுதிவைத்திருக்கிறார். பூர்வீக வீட்டுக்குச் சான்று தேடுபவர்கள் பழைய அடமானங்களைக் கண்டு பயப்படாமல் அவற்றின் சொத்து விவரத்தைப் படியுங்கள்.

1971-இல் வீடு இருந்தது என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் எப்போதிருந்து? நிலம் எங்கள் குடும்பத்துக்கு வந்த கிரயம் 1931-ஆம் வருடத்தது. வீடு 1865 என்று மனுவில் எழுதினால், நாங்கள் வாங்குவதற்கு முன்பே அங்கே வேறு யாருடைய வீடோ இருந்தது என்று ஆகிவிடும். அதைக் கட்டியது கொள்ளுத்தாத்தா என்ற குடும்பக் கதையும் அடிபடும். கோடை விடுமுறையில் கூரை ஏறத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் ஓடுகளைக் கழற்றிப் பார்த்தேன். அடுப்படிக் கூரையில் இருந்தவை, சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ அமைப்பான பேசல் மிஷனின் ஓடுகள். அவற்றில்தான் அப்பா சொன்ன 1865 இருந்தது. விசாரித்தபோது தெரிந்தது, பேசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய வருடம் 1865. ஆலை தொடங்கிய வருடத்தைத்தான் அச்சில் போட்டிருக்கிறார்கள், ஓடு சுட்ட வருடத்தை அல்ல. பெரிய வீட்டுக் கூரையில் இருந்த ஓடுகளில் காமன்வெல்த் என்ற பெயர். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆங்கில அரசு பேசல் மிஷனின் தொழில்களைத் தன் பொறுப்பில் எடுத்து, போர் முடிந்ததும் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனிக்குக் கைமாறின. ஆக, பெரிய வீட்டுக் கூரை அந்தப் போருக்கு முன்பு வேய்ந்ததாக இருக்க முடியாது. அடுப்படி அதற்கு முந்தையதா, அல்லது யாரிடமோ வாங்கிய பழைய ஓட்டைப் போட்டு வேய்ந்ததா என்பதை ஓடு மட்டும் சொல்லாது.

அடுத்த தடயம் வாசல் நிலையில் இருந்தது. பச்சைப் பெயிண்ட் பல அடுக்காகப் பூசிய மேற்சட்டத்தில் விரலால் தடவினால் ஏதோ தட்டுப்பட்டது. தகட்டால் சுரண்டாமல், மரவேலை தெரிந்தவரை வைத்துப் பொறுமையாகப் பெயிண்டைக் கரைத்து எடுத்தோம். மேலே பிள்ளையார் சுழி, கீழே ‘யுவ ௵ தை ௴ 9 ௳’, அதாவது யுவ வருடம் தை மாதம் 9-ஆம் நாள். அறுபது வருடச் சுழற்சியில் யுவ வருடம் 1875-76, 1935-36, 1995-96 என்று வரும். ஓடு முதல் வருடத்தைத் தள்ளிவிட்டது. அத்தை ஒன்று சொன்னார்: மேல்மலையில் குறிஞ்சி பூத்து இரண்டாம் வருடம் நிலை வைத்ததாக அப்பத்தா அடிக்கடி சொல்வாராம். குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூப்பது. 2018, 2006, 1994 என்று பின்னால் எண்ணிக்கொண்டே போனால் 1934 வருகிறது. நிலை வைத்தது 1936 ஜனவரி. அந்த மாலை நான் களத்தில் உட்கார்ந்து அத்தைக்குப் போன் செய்து, இருவரும் வெகுநேரம் பேச முடியாமல் அழுதோம். தேதியை நினைத்து அழவில்லை. அப்பத்தா பேச்சை நாங்கள் யாரும் அதுவரை கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை. வயதானவர்கள் வருடம் சொல்லமாட்டார்கள். பூ பூத்ததையும் புயல் அடித்ததையும் சொல்வார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், வருடத்தைப் பிறகு கண்டுபிடிக்கலாம்.

தேடலில் எனக்கு வலித்த இடமும் உண்டு. தோட்டத்துக்குக் கீழே மலைப்புலையர் குடியிருப்பில் தொண்ணூறு வயதை நெருங்கும் ஒரு பாட்டி இருக்கிறார். அவருடைய அம்மா இந்த வீட்டுக்கு ஓடு சுமந்தவர். ரோடு கிடையாது, அடிவாரம் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து மட்டக்குதிரையும் தலைச்சுமையும்தான். ஒரு சுமைக்குப் பத்து ஓடு, வழியில் உடைந்தால் கூலியில் பிடித்தம் என்று அம்மா சொன்னதை அவர் நேற்று நடந்தது போலச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “தாயி, அந்த வீடு இருக்கிற மேட்டில் எங்கள் பாட்டன் சாமை விதைத்தார், தெரியுமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கொள்ளுத்தாத்தா வெறும் காட்டைத் திருத்தித் தோட்டமாக்கினார் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. நான் புரட்டிய எந்தப் பதிவேட்டிலும் அவருடைய பாட்டன் இல்லை. எங்கள் வீடு பதிவேட்டில் இல்லை என்று நியாயம் கேட்டு அலைந்துகொண்டிருந்த எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டு வரலாறு என்று நான் எழுதிவைத்திருக்கும் நோட்டில் அவர் சொன்னதையும் முதல் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். தம்பியும் அதை ஏற்றுக்கொண்டான். வீட்டைப் பற்றிய அவருடைய வாக்குமூலம் கைநாட்டோடு எங்கள் மனுவிலும் இருந்தது. விசாரணைக்கு வரச் சிரமப்பட்டும், வருவேன் என்று பிடிவாதமாக வந்தார்.

மற்ற ஆதாரங்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. அடியில் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது. மிஞ்சியதில் கிஸ்தி (நிலவரி) ரசீதுகள், மின் இணைப்பின் பழைய அட்டை, ஊராட்சி வீட்டுவரி ரசீதுகள், காப்பி வாரியத்தின் பதிவுச் சான்று, காப்பி கொடுத்ததற்கான சீட்டுகள் இருந்தன. 1942-ஆம் வருடக் காப்பிச் சட்டத்தின்படி காப்பி பயிரிடும் நிலத்தின் உடைமையாளர் பதிவு செய்துகொள்ள வேண்டும். 1990-களில் தாராளமயமாகும் வரை விளைந்த காப்பியை, வாரியம் எல்லோரிடமும் வாங்கிச் சேர்த்து விற்கும் தொகுப்புக்குத்தான் கொடுக்கவேண்டியிருந்தது. அந்தச் சீட்டில் உடைமையாளர் பெயரும் தோட்டமும் இருக்கும். தோட்டம் தொடர்ச்சியாக எங்கள் அனுபவத்தில் இருந்ததைக் காட்ட அதைப் போல உதவியது வேறெதுவும் இல்லை. காப்பித் தோட்டக் குடும்பங்கள் அந்த மஞ்சளேறிய சீட்டுகளை எடைக்குப் போடாதீர்கள். பெட்டியை மண் தரையிலிருந்து இன்றைக்கே தூக்கி வையுங்கள், ஒவ்வொரு தாளையும் படமெடுத்து வெளியூரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

மாவட்ட வருவாய் அலுவலரிடம் கொடுத்த மனுவோடு இணைத்த வரிசையையும் சொல்கிறேன். கிரயப் பத்திரம், 1971 அடமானத்தின் சான்றிட்ட நகல், பழைய-புது புல எண் விவரம், சர்வேயரின் அளவு, காப்பி வாரியக் காகிதங்கள், கிஸ்தி, வீட்டுவரி, மின் அட்டை, பிறகு நிலையின் எழுத்துக்கும் ஓட்டுக்கும் எடுத்த படங்கள், கடைசியில் வாக்குமூலங்கள். தாசில்தாரிடமும் கோட்டாட்சியரிடமும் அறிக்கை கேட்டார்கள். அறிக்கை போகிற ஒவ்வொரு மேசையிலும் மாதங்கள் கரைந்தன. ஒரு அலுவலகத்தில் கோப்பே காணோம் என்றார்கள். முழு நகல் கையில் இருந்ததால் மறுநாளே திரும்பக் கொடுத்தேன். விசாரணையில் அதிகாரி நிலையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, வருடக் குறியை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஓட்டுப் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. கணினியில் ஏற இன்னும் சில மாதம் பிடித்தது.

உத்தரவு வரும்வரை வீட்டில் எந்த மராமத்தும் செய்யவில்லை. மழையில் ஒழுகிற இடத்துக்குத் தார்ப்பாய் போட்டுச் சமாளித்தோம். உறவினர்கள் ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போடச் சொன்னார்கள். போட்டிருந்தால் பாதி ஆதாரம் குப்பைக்குப் போயிருக்கும். மலைப்பகுதியில் கட்டடம் எழுப்பவும் பெரிதாக மாற்றவும் தனி அனுமதி வேண்டும். மரத்துக்கும் அப்படியே. 1955-ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் கொடைக்கானல் மலைக்கும் பொருந்தும், சொந்தத் தோட்டத்து மரமானாலும் கேட்காமல் வெட்டக் கூடாது. கூரைமேல் சாய்ந்திருந்த ஒரு சில்வர் ஓக்குக்காக இப்போது விண்ணப்பித்திருக்கிறேன்.

இரண்டு வேலைகள் பாக்கி. அடமானக் கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்யவேண்டும். கடன் கொடுத்த வங்கி இன்று வேறு பெயரில் இயங்குகிறது, பழைய பேரேட்டைத் தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்துக்குள் வரும் பாதை பக்கத்துத் தோட்டத்தின் புல எண்ணில் போகிறது. எழுபது எண்பது வருடமாக நடந்த வழிதான், எந்தப் பத்திரத்திலும் இல்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் நல்ல மனிதர். அவர் பிள்ளைகள் காலத்துக்கும் செல்லும்படி வழிப்பாத்தியத்தை எழுதிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று கேட்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார். தைப்பொங்கல் கழிந்ததும் பத்திரம் எழுதுவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.